ரொக்கத்துக்கு அங்க, கடனுக்கு இங்கயா?

எங்க ஊர் பேரைச் சொன்னா கிளாஸ்ல முதல்ல ஒரு சிரிப்பு வரும். எப்போதும்வென்றான். "அப்போ நீ அரியரே வைக்க மாட்டியா?"ன்னு முதல் செமஸ்டர்லயே கேட்டாங்க. (வச்சேன். மேத்ஸ்.) மதுரையிலிருந்து தூத்துக்குடி போற நாலுவழிச் சாலையில், எட்டயபுரம் தாண்டினதும் அந்தப் போர்டை நீங்களும் பார்த்திருப்பீங்க. சுத்தி எங்கே பார்த்தாலும் கரிசல். மழை பெய்தா உளுந்து, பாசி, மக்காச்சோளம். பெய்யலைன்னா சீமைக்கருவேலம்.

அந்த ஊர்ல நான் தோத்த கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

எங்க அப்பாவுக்கு மூணு ஏக்கர் மானாவாரி. அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போறாங்க. அந்த வாரக்கூலி குழுக் கடன் தவணைக்கே சரியாப் போயிடும். அதனால வீட்டுச் சாமான் முழுக்க அண்ணாச்சி கடையில்தான். மாசியில வெள்ளாமை வித்துக் காசு வந்தா ரொக்கம். புரட்டாசியில விதைப்பு தொடங்கினா நோட்டு. விதை, உரம், டிராக்டர் வாடகைன்னு கையில இருக்கிறது எல்லாம் மண்ணுக்குள்ள போயிடும். தை முடியிற வரைக்கும் அண்ணாச்சி எழுதிக்கிட்டே இருப்பார். வட்டி கிடையாது.

ரெண்டாம் வருஷம் படிக்கும்போது எனக்கு ஒரு ஞானோதயம் வந்தது. அண்ணாச்சி கடையில எண்ணெய் என்ன விலை, ஆப்புல என்ன விலைன்னு பார்த்தேன். துவரம் பருப்பு, டீத்தூள், சோப்பு, வாஷிங் பவுடர்னு அஞ்சாறு சாமானை ஒப்பிட்டேன். மாசம் ரெண்டாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு 270 ரூபாய் குறையுது! அம்மாகிட்ட ஸ்கிரீன்ஷாட் காட்டினேன். "அண்ணாச்சி தப்பா நினைப்பாருல்ல"ன்னு அம்மா இழுத்தாங்க. "அவர் லாபத்துக்கு நாம ஏம்மா அழணும்?"னு கேட்டேன். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை சொல்றானேன்னு விட்டுட்டாங்க. மாசியிலிருந்து ஆவணி வரை எங்க வீட்டுச் சாமான் அட்டைப் பெட்டியிலதான் வந்தது.

புரட்டாசி பிறந்தது. கையில காசில்லை. அம்மா சீட்டு எழுதி என் கையில கொடுத்து, "நீயே போய் வாங்கிட்டு வா"ன்னாங்க.

போனேன். அண்ணாச்சி சீட்டை வாங்கினார். பருப்பு நிறுத்தார், எண்ணெய் எடுத்து வச்சார். நோட்டை எடுத்து எங்க வீட்டுப் பக்கத்தைப் புரட்டினார். ஏழு மாசமா அதுல ஒண்ணும் எழுதலை. பேனாவை மூடாம என்னைப் பார்த்து, கோபமே இல்லாம, கேட்டார்:

"ரொக்கத்துக்கு அங்க, கடனுக்கு இங்கயா தம்பி?"

கேட்டுட்டு, எழுதிட்டு, சாமானைக் கொடுத்துட்டார்.

வீட்டுக்கு வர்ற வழியிலதான் இன்னொண்ணு உறைச்சது. எங்க தெருவுக்குப் பேர்ப் பலகை கிடையாது. பார்சல் கொண்டு வர்ற பையன் ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி கடையில நின்னுதான் எங்க வீட்டுக்கு வழி கேட்பான். ஏழு மாசமா வழி சொன்னவர் அவர்தான்.

கணக்கை ஒழுங்காப் போட்டுப் பார்ப்போம்

குற்ற உணர்ச்சியில கட்டுரை எழுதுறேன்னு நினைக்காதீங்க. நாம இன்ஜினியரிங் மாணவர்கள். கணக்குலயே பேசுவோம்.

மாசம் 270 ரூபாய் மிச்சம்னு சொன்னேன்ல, பழைய ஆர்டர்களை எல்லாம் திறந்து பார்த்தேன். கட்டணம்னு அது இதுன்னு சேர்த்து மாசம் சுமார் 40 ரூபாய் எடுத்திருக்காங்க. அது போக, சலுகை கிடைக்கிற தொகையை எட்டணும்னு வீட்ல யாருமே கேட்காத நூடுல்ஸ், பிஸ்கட்டுன்னு மாசம் 150 ரூபாய்க்கு நானே சேர்த்து வாங்கியிருக்கேன். ஆக உண்மையான மிச்சம் 80 ரூபாய். வருஷம் முழுக்க வாங்கினா 960.

இப்போ நோட்டுக் கடனுக்கு விலை போடுவோம். அஞ்சு மாசத்துல கடன் மெல்ல மெல்ல ஏறிப் பத்தாயிரத்துல நிக்கும். சராசரியா அஞ்சாயிரம்னு வச்சுக்கலாம். வெளியில நூத்துக்கு மூணு வட்டிக்கு வாங்கினா மாசம் 150, அஞ்சு மாசத்துக்கு 750 ரூபாய். 960-ல 750 போனா மிச்சம் 210.

வருஷத்துக்கு 210 ரூபாய். மாசத்துக்கு ஒரு பரோட்டா செட் காசு கூட வராது. இதுக்குத்தான் அவ்வளவு பெருமையா ஸ்கிரீன்ஷாட் காட்டினேன். அதுவும் அந்த அஞ்சாயிரத்தை, நகை அடகு கேட்காம, அவசரத்துக்கு ஆயிரம் ஆயிரமா ஒருத்தர் கொடுப்பார்னு வச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு. அப்படி ஒருத்தர் எங்க ஊர்ல அண்ணாச்சியைத் தவிர எனக்குத் தெரியலை.

இதுல ஒரு சூட்சுமமும் இருக்கு. நாம எதெதுக்கு விலை மனப்பாடமா வச்சிருக்கோமோ, அந்தப் பொருளுக்குத்தான் விலையைக் குறைப்பாங்க. எண்ணெய், சர்க்கரை, சோப்பு. சீரகமும் கடுகும் என்ன விலைன்னு நம்மள்ல யாருக்குத் தெரியும்? மொத்தச் சீட்டையும் ஒப்பிடாம அஞ்சு சாமானை மட்டும் ஒப்பிட்டது என்னோட தப்பு. லேப்ல அஞ்சு ரீடிங் எடுத்து கிராஃப் போட்டா சார் விடுவாரா?

நூறு வருஷத்துக்கும் முந்தின ஆஃபர்

"விலை குறைவா கொடுத்தா வாங்க வேண்டியதுதானே, இதுல என்ன சதி இருக்கு?" இதுதான் உங்க அடுத்த கேள்வியா இருக்கும். இதுக்குப் பதில் சொல்ல வெளிநாடு போக வேண்டாம். எங்க தாலுகா தலைநகரான ஓட்டப்பிடாரம் போனா போதும். 1872 செப்டம்பர் 5 அன்று அங்கே பிறந்தவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் என்று பள்ளியில் படித்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிட்டோம். கொஞ்சம் வியாபாரக் கண்ணோடு அந்தக் கதையைத் திரும்பப் பாருங்கள்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. அதற்கு எதிராக 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார்.

முதலில் வாடகைக் கப்பல்தான் ஓட்டினார்கள். கப்பல் கொடுத்தவர்களுக்கு வெள்ளைக் கம்பெனி நெருக்கடி கொடுத்ததால் அந்த வழி அடைபட்டது. சொந்தக் கப்பல் இல்லாமல் முடியாது என்று வ.உ.சி. வடக்கே போய்ப் பணம் திரட்டினார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன.

அப்புறம் நடந்ததுதான் நமக்கு ரொம்பப் பழக்கமான கதை. வெள்ளைக் கம்பெனி ஆள் ஒன்றுக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. உடனே அவர்கள் கட்டணமே வேண்டாம், சும்மா வாங்க என்றார்கள். ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் இலவசம்!

கொஞ்சம் யோசிங்க. அந்தத் துறைமுகத்துல நீங்க நிக்கிறீங்க. கொழும்புக்குக் கூலி வேலைக்கோ சரக்கு வாங்கவோ போகணும். ஒரு கப்பல்ல எட்டணா. இன்னொண்ணுல ஓசி, கையில குடை வேற. எதுல ஏறுவீங்க? நான் உண்மையைச் சொல்லிடறேன். போன வருஷம் வரைக்கும் நான் குடையோடதான் ஏறியிருப்பேன்.

கட்டணப் போட்டி மட்டுமே சுதேசிக் கம்பெனியைச் சாய்க்கவில்லை. அரசாங்கமும் எதிராக நின்றது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் அவருக்கு விதித்த தண்டனை இரண்டு ஆயுள், நாற்பது வருஷம். பிறகு மேல்முறையீட்டில்தான் குறைந்தது. நடத்த வேண்டியவர் சிறையில் இருக்கும்போது கம்பெனி எப்படி நிற்கும்? 1911-ல் கலைக்கப்பட்டது. போட்டி முடிஞ்சது. அதுக்கப்புறம் யார் யாருக்குக் குடை கொடுக்கப் போறாங்க?

நஷ்டத்துக்கு விற்கிறவன் யார்? நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருக்க வசதி உள்ளவன். அவன் விற்கிறது சரக்கு இல்லை. எதிரில் இருக்கிறவன் இல்லாமல் போகும் நாளைத்தான் அவன் விலை கொடுத்து வாங்குகிறான். அந்த விலையின் ஒரு பகுதியைத்தான் நம்ம கையில் தள்ளுபடியாகத் தருகிறான். இது வெறும் புலம்பல் இல்லை. சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம், போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு அடக்க விலைக்கும் கீழே விற்பது தவறு என்று நம்ம நாட்டின் 2002-ஆம் வருஷப் போட்டிச் சட்டமே சொல்கிறது. விரைவு டெலிவரி நிறுவனங்கள் இப்படிச் செய்வதாகச் சொல்லி, விசாரிக்கும்படி அகில இந்திய விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு 2024-ல் போட்டி ஆணையத்திடம் போனதும் இதற்காகத்தான்.

நம்ம காலத்துக் குடை

2016 செப்டம்பர் 5. தற்செயல்தான், அதுவும் வ.உ.சி. பிறந்த நாள். அன்னைக்குத்தான் ஜியோ வந்தது. நீங்க அப்போ டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பீங்க. முதல்ல டிசம்பர் வரைக்கும் இலவசம்னாங்க, பிறகு அடுத்த வருஷம் மார்ச் வரைக்கும் நீட்டினாங்க. எங்க ஊர்ல ஓட்டப்பந்தயம் மாதிரி சிம் வாங்கினாங்க.

2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் போனது ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டில் 1999-ல் தொடங்கிய கம்பெனி. நம்பரை மாத்த முடியாம மக்கள் கடை கடையா அலைஞ்சாங்க. எங்க சித்தப்பா அந்த நம்பரைத்தான் டிராக்டர் பின்னாடி எழுதி வச்சிருந்தார். ஏர்செல்லுக்குப் பழைய கடனும் நிறைய இருந்தது, ஒரே காரணம் சொல்லிட முடியாது. ஆனா கடைகள் குறைஞ்சா என்ன ஆகும்ங்கிறது 2024 ஜூலையில தெரிஞ்சது. மூணு தனியார் கம்பெனியும் ஒரே வாரத்துல கட்டணத்தை ஏத்தினாங்க. நாம மீம் போட்டோம். ரீசார்ஜும் பண்ணோம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். அந்த மலிவு டேட்டா இல்லைன்னா எங்க ஊர்ல இருந்து நான் யூடியூப்ல மேத்ஸ் படிச்சு அரியர் கிளியர் பண்ணியிருக்க முடியாது. மலிவு விலை ஏழைக்குச் செய்யிற நல்லதை மறுத்துட்டு, "உள்ளூரை ஆதரியுங்கள்"னு மட்டும் சொல்றது, காசு இருக்கிறவன் பேசுற பேச்சு. எங்க அம்மாவுக்கு 80 ரூபாயும் காசுதான்.

தீப்பெட்டிக்கு ஒரு நியாயம்...

நம்ம கோவில்பட்டிக்காரங்க எல்லாரும் ஒரு விஷயத்துல ஒத்துமையா நின்னோம். சீன லைட்டர். பத்து ரூபாய் லைட்டர் ஒண்ணு இருபது தீப்பெட்டியோட இடத்தைப் பிடிச்சுக்குதுன்னு 2022-ல முதலமைச்சர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 20 ரூபாய்க்கும் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூன் கடைசியில் தடை வந்தது. எங்க அம்மா வேலை பார்க்கிற ஆபீஸ்ல அன்னைக்கு எல்லார் முகத்துலயும் சந்தோஷம்.

14 வருஷமா ஒரு ரூபாய்க்கு வித்த தீப்பெட்டி, 2021 டிசம்பர்ல ரெண்டு ரூபாய் ஆனது. மருந்து, அட்டை, குச்சி, மெழுகு எல்லாம் ஏறினதால ஏத்தினாங்க. அப்போ நாம என்ன சொன்னோம்? "ஒரு ரூபாய்தானே, நம்ம ஊர்ப் பொண்ணுங்க பிழைப்பு"ன்னு சொன்னோம். அதே வாயால அண்ணாச்சி கடையில டீத்தூள் எட்டு ரூபாய் கூடன்னா "கொள்ளை"ங்கிறோம். தீப்பெட்டியை வாங்கும்போது பார்க்கிற பிழைப்பு, டீத்தூளை வாங்கும்போது ஏன் கண்ணுக்குத் தெரியறதில்லை?

அண்ணாச்சி பக்கமும் தப்பு உண்டு

இப்படி எழுதினா உள்ளூர்க் கடைக்காரர் எல்லாம் தெய்வம்னு ஆகிடும். இல்லை.

விலை ஒட்டாத பாக்கெட், தேதி முடிஞ்ச பிஸ்கட், "சில்லறை இல்ல, மிட்டாய் எடுத்துக்கோ", கடன் இருக்கிறவனுக்கு மட்டும் கடைசியா நிறுக்கிறது. எல்லாம் நடக்குது. என் கிளாஸ்ல படிக்கிற தோழி ஒருத்தி சொன்னது இன்னும் முக்கியம். "எங்க ஊர்க் கடையில நாலு ஆம்பளைங்க முன்னாடி நாப்கின் கேட்கணும். அவர் அதைப் பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டு, ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி கொடுப்பார். ஆப்புல அந்தக் கூச்சம் இல்லை." இன்னொருத்தன் சொன்னான்: "நான் எந்தத் தெருன்னு ஆப்புக்குத் தெரியாதுடா. எங்க ஊர்க் கடைக்காரருக்குத் தெரியும்." இந்த ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்லை. மரியாதை கிடைக்காத கடையை ஆதரிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனா நல்ல கடையோட அருமை ஆபத்துலதான் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. எங்க பக்கம் அந்த அளவுக்கு இல்லைன்னாலும் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, வண்டி வரலை. ஆப்பைத் திறந்தா சுத்திக்கிட்டே இருந்தது. அண்ணாச்சி கடையில பால் பவுடரும் மெழுகுவர்த்தியும் இருந்தது. வீட்டுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக் கொடுத்தார். நம்ம பாஷையில சொன்னா, அந்தக் கடைதான் ஊரோட பேக்கப். பேக்கப் ஜெனரேட்டரை வருஷத்துல பத்து நாள்தான் ஓட்டுறோம். அதுக்காக அதை விற்றா போடுவோம்?

அப்போ என்னதான் செய்யறது?

நான் எனக்குன்னு வச்சிருக்கிற விதியைச் சொல்றேன். ஒத்து வந்தா எடுத்துக்கோங்க.

ஒண்ணு: கடன் எங்கேயோ, ரொக்கமும் முதல்ல அங்கேதான். நோட்டு திறக்கிற கடைக்கு, நோட்டு மூடியிருக்கிற மாசத்துலயும் போகணும். இது தர்மம் இல்லை, கொடுக்கல் வாங்கல்.

ரெண்டு: போறதுக்கு முன்னாடி கேளுங்க. "அண்ணாச்சி, இது ஆப்புல இவ்வளவு போகுது, நீங்க எவ்வளவுக்குத் தருவீங்க?" நான் கேட்டேன். எண்ணெய்க்கு ஆறு ரூபாய் குறைச்சார். டீத்தூளுக்கு, "எனக்கு வர்ற விலையே அதைவிடக் கூட தம்பி"ன்னு பில்லை எடுத்துக் காட்டினார். காட்டின பிறகு எனக்கு அந்த எட்டு ரூபாய் வலிக்கலை.

மூணு: ஊர்ல கிடைக்காததை ஆப்புல வாங்கறதுக்குக் கூச்சமே வேண்டாம். அல்ட்ராசானிக் சென்சாரும் ஆர்டுயினோவும் எந்த அண்ணாச்சி கடையில இருக்கு?

நாலாவதுதான் நமக்கானது. வ.உ.சி. "தேசப்பற்றோடு எட்டணாக் கப்பல்ல ஏறுங்க"ன்னு பேசிட்டு மட்டும் உட்காரலை. பங்கு திரட்டி, கப்பல் வாங்கி, கட்டணத்தையும் குறைச்சுக் காட்டினார். வெறும் பாசத்தை நம்பி வியாபாரம் நிக்காதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அண்ணாச்சி காட்டின பில்லில் எனக்குப் புரிஞ்சது இதுதான்: அவர் தனியா ஒரு பெட்டி டீத்தூள் வாங்கறார், ஆப்புக்காரன் லாரி கணக்குல வாங்கறான். எட்டயபுரத்துக்கும் குறுக்குச்சாலைக்கும் நடுவுல இருக்கிற சின்னக் கடைகள் இருபது சேர்ந்து ஒரே ஆர்டரா மொத்தக் கடையில போட்டா? யாருக்கு எத்தனை பெட்டி, எந்த வண்டி எந்த வழின்னு கணக்கு வைக்க ஒரு சின்ன ஆப். நமக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு இல்லைன்னு வருஷா வருஷம் அழறோமே, இது எப்படி? மெக்கானிக்கல்காரன் நான் வண்டி வழியைப் பார்த்துக்கறேன். கோடு எழுதத் தெரிஞ்ச சி.எஸ்.சி. மக்கள் ரெண்டு பேர் வேணும்.

தை மாசம் உளுந்து வித்ததும் நோட்டுக் கணக்கைத் தீர்க்க நான்தான் போனேன். 9,640 ரூபாய். அண்ணாச்சி எண்ணி வாங்கி, பக்கத்துல குறுக்குக் கோடு போட்டார். நான் நின்னுக்கிட்டே இருந்தேன். "வேற என்ன தம்பி?"ன்னார். அந்த மாசச் சாமான் சீட்டை நீட்டி, "இது ரொக்கம்"னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. பருப்பை நிறுக்க ஆரம்பிச்சார்.

நீங்களும் இந்த வாரம் ஒரு வேலை செய்ங்க. வீட்டு மளிகைச் சீட்டை எடுத்து, அஞ்சு சாமான் இல்லை, மொத்தச் சாமானுக்கும் ரெண்டு பக்கமும் விலை போடுங்க. கட்டணம், கூடுதலா வாங்கினது, கடன் எல்லாத்தையும் சேருங்க. வர்ற விடை என் விடை மாதிரிதான் இருக்கணும்னு இல்லை. எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடுவோம்.

- மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்